நேரில் போக முடியாதவர்களுக்கு இணையவழிப் பௌத்த சங்கம்: வன்னியிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களிலிருந்து தமிழில் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். தூரம், உடல்நிலை, வீட்டில் நோயாளி, இரவில் தனியே போகமுடியாத பாதை என்று காரணம் எதுவாக இருந்தாலும், தியானமும் தம்மமும் (புத்தரின் போதனை) வேண்டும் என்கிறவர்களுக்காக எழுதியது இது.

யூடியூபில் தினமும் உபதேசம் கேட்கிறேன். அது போதாதா?

கேட்பது நல்லது, விடவேண்டாம். ஆனால் நீங்கள் ஒரு கிழமை கேட்காமல் விட்டால் அது யாருக்கும் தெரியாது. சங்கம் என்பதற்கு மூன்று விடயம் வேண்டும்: மாறாத ஒரு நேரம், உங்கள் பெயர் தெரிந்த சிலபேர், சந்தேகம் வந்தால் கேட்கக்கூடிய ஒருவர். நல்ல நண்பர்களின் துணை இந்தப் பாதையில் பாதி என்று சீடர் ஆனந்தர் சொன்னபோது, பாதியல்ல, முழுவதுமே அதுதான் என்று புத்தர் திருத்தியதாகச் சங்யுத்த நிகாயம் என்ற பாளி நூலில் இருக்கிறது. இணையக் குழுவைத் தெரிவுசெய்யும்போதும் இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். பத்தாயிரம் பேர் பார்க்கும் நேரலையைவிட, வராத ஆளைத் தேடி ஒரு செய்தி அனுப்பும் எட்டுப்பேர் கொண்ட குழு மேல்.

எந்தக் குழுக்களை நம்பிச் சேரலாம்?

நேரில் வரமுடியாதவர்களை மனதில் வைத்தே உருவான குழு என்றால் முதலில் ட்ரீலீஃப் செண்டோவைச் சொல்லவேண்டும். ஜப்பானின் ட்சுகுபாவிலிருந்து, சோட்டோ சென் என்ற ஜப்பானியப் பௌத்த மரபில் நடக்கும் சங்கம் அது. நோய், தூரம், பிள்ளை வளர்ப்பு என்று வீட்டைவிட்டு அசைய முடியாதவர்களுக்காகவே நடத்துகிறார்கள். பணம் கேட்பதில்லை. அமர்வுகளைப் பதிவாகவும் வைத்திருப்பதால், நேரம் தவறினாலும் பிறகு சேர்ந்து அமரலாம்.

வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் தொடங்கிய பிளம் வில்லேஜ் மடத்தின் கைபேசிச் செயலி இலவசம். வழிநடத்தப்படும் தியானங்களும் நினைவூட்டும் மணியும் அதில் உண்டு. இலங்கையில் வழங்கும் தேரவாத மரபின் உபதேசங்களுக்கு இங்கிலாந்தின் அமராவதி மடம் போன்ற இடங்களின் ஒலிப்பதிவுகள் ஏராளம். இவையெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். சிங்களம் விளங்குமென்றால் போயா நாள்களில் இலங்கை விகாரைகளின் நேரலைக்குக் குறைவில்லை.

எஸ்.என். கோயங்கா என்ற ஆசிரியர் பரப்பிய விபாசனாத் தியானம் பற்றிப் பலர் தவறாக எண்ணியிருக்கிறார்கள். அதன் முதல் பத்து நாள் முகாமை இணையத்தில் செய்யவே முடியாது. நிலையத்தில் தங்கி, கைபேசியை ஒப்படைத்து, மௌனமாக இருந்து செய்வது அது. இணையவழிக் கூட்டு அமர்வுகள் அந்த முகாமை முடித்தவர்களுக்கு மட்டுமே. முடிக்காதவர்களுக்கு மூச்சைக் கவனிக்கும் குறுகிய ஆனாபானப் பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாழ்நாளில் ஒருமுறை பத்து நாள் ஒதுக்க முடிந்தால் வன்னிக்குக் கிட்டிய நிலையம் அநுராதபுரத்தில் உள்ளது. பேராதனைப் பக்கம் ஹிந்தகலையிலும், கொழும்பு மாவட்டத்துக் கொஸ்கமையிலும்கூட இருக்கிறது. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் இல்லை. பதியும்போதே எந்த மொழியில் போதனை வேண்டும் என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

தமிழிலேயே வேண்டும். ஆங்கிலம் ஓடாது.

தமிழில் தொடர்ந்து நடக்கும் நேரலைக் குழுக்கள் குறைவு. அம்பேத்கர் 1956 ஒக்டோபர் 14இல் நாக்பூரில் தீட்சை பெற்ற வழியில் வந்த பௌத்தர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுடைய கூட்டங்களில் திரிசரணமும் (புத்தர், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடைதல்) பஞ்சசீலமும் (ஐந்து ஒழுக்கம்) தமிழ் விளக்கத்தோடு நடக்கும். சமூக விடுதலை பற்றிய பேச்சு கூடவும் தியானம் குறையவும் இருக்கலாம். அதை அறிந்து சேருங்கள். கோயங்கா வழிப் பழைய மாணவர்கள் சென்னையிலும் மதுரைப் பக்கத்திலும் உண்டு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கடிகாரம் ஒன்றே என்பதால் நேரச் சிக்கல் இல்லை.

இவற்றில் எதுவும் பொருந்தாவிட்டால், தமிழ் தெரிந்த நான்கைந்துபேர் சேர்ந்து சிறு குழு தொடங்குவதே நல்ல வழி. எப்படி என்று கீழே சொல்கிறோம். யூடியூபின் தானியங்கித் தமிழ் வரிகளை நம்பித் தம்மம் படிக்கவேண்டாம். பாளிச் சொல் வந்த இடமெல்லாம் அது தடம் புரளும்.

சிக்னல் ஒரு கோடுதான். டேட்டாவும் இரண்டு நாளில் முடிந்துவிடுகிறது.

குரல் மட்டும் என்றால் ஜூமுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30 முதல் 70 எம்.பி. போதும். முகங்களோடு குழுக் காணொளி என்றால் 700 எம்.பி.யையும் தாண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தன் கமராவை அணைத்துவிட்டு டேட்டா மிச்சம் என்று நினைக்கிறார்கள். மற்றவர்களின் காணொளி வந்துகொண்டே இருக்கும், டேட்டாவைத் தின்பது அதுதான். கூட்டத்துக்குள் ‘மேலும்’ என்ற பட்டனை அழுத்தி, உள்வரும் காணொளியை நிறுத்தும் தெரிவைத் தொடுங்கள். உபதேசத்தைப் பிறகு கேட்பதென்றால் யூடியூபில் 144பி தரம் போதும். உங்கள் பொதியில் இரவு டேட்டா தனியாக இருந்தால் நள்ளிரவுக்குப் பின் பதிவிறக்கி வையுங்கள்.

தகரக் கூரை சிக்னலைத் தடுக்கும். வீட்டுக்குள் ஒரு கோடு என்றால் விறாந்தையிலோ முற்றத்து மரத்தடியிலோ இரண்டு கோடு வரலாம். போனைக் கையில் வைத்திராமல் ஜன்னல் மட்டத்துக்கு உயரமாக வைத்து, ஒலிவாங்கி உள்ள காதுக்கருவி போடுங்கள். மாரியில் தகரத்தில் மழை கொட்டும்போது காதுக்கருவி இல்லாமல் எதுவும் கேட்காது. மார்கழியில் விடியக் கோயில் ஒலிபெருக்கி திருவெம்பாவை பாடும். அந்த மாதம் காலை அமர்வை விட்டுப் பின்னேர அமர்வுக்கு மாறலாம். இல்லாவிட்டால் அந்த ஒலியையே கவனத்துக்குப் பொருளாக எடுக்கலாம், அதுவும் முறையான பயிற்சிதான்.

இன்னொன்று: அமர்வின் நடுவே யாராவது அழைப்பு எடுத்தால் ஜூமின் குரல் அறுந்துவிடும். ‘தொந்தரவு செய்யாதே’ அமைப்பைப் போட்டுவிட்டு உட்காருங்கள். கரண்ட் போகும் என்று தெரிந்த நாளில் முன்கூட்டியே சார்ஜ் ஏற்றுங்கள்.

வெளிநாட்டுக் குழுவின் நேரம் அடிக்கடி மாறுகிறதே, ஏன்?

நம் கடிகாரம் மாறுவதில்லை, அவர்களுடையது மாறுகிறது. ஐரோப்பாவில் மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு மாறும். கனடாவிலும் அமெரிக்காவிலும் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். லண்டனில் மாலை 7 மணி என்றால் கோடையில் நமக்கு இரவு 11.30, குளிர்காலத்தில் 12.30. ரொறன்ரோவில் காலை 8 மணி என்பது கோடையில் நமக்குப் பின்னேரம் 5.30, குளிர்காலத்தில் 6.30. அதனால் வன்னிக்கு ஒத்துவருவது கனடாவின் காலை அமர்வும் ஜப்பானின் இரவு அமர்வும்தான். ஜப்பானில் நேரமாற்றம் கிடையாது. அங்கே இரவு 9 என்றால் வருடம் முழுக்க நமக்குப் பின்னேரம் 5.30. நள்ளிரவு அமர்வைப் பிடிவாதமாகத் தொடரவேண்டாம். தூக்கம் கெட்ட தியானம் நிலைக்காது.

எல்லோரும் சேர்ந்து ஓதும்போது ஒரே குழப்பமாகக் கேட்கிறது. மணிச் சத்தமும் வெட்டுப்படுகிறது.

ஒவ்வொருவரின் குரலும் வெவ்வேறு தாமதத்தில் வந்துசேரும். சேர்ந்து ஓத இணையத்தில் வழியில்லை. ஒருவர் மட்டும் ஒலியைத் திறந்து ஓதவேண்டும், மற்றவர்கள் மூடிவிட்டுத் தம் வீட்டில் வாய்விட்டு ஓதவேண்டும். ‘புத்தம் சரணம் கச்சாமி’ முதல் ‘துதியம்பி’, ‘ததியம்பி’ (இரண்டாம், மூன்றாம் முறை) வரை ஒவ்வொரு வரிக்குப் பின்னும் மூன்று மூச்சு இடைவெளி விட்டால், தாமதமாகக் கேட்பவரும் முடித்திருப்பார்.

மணி அறுபடுவது இரைச்சல் நீக்கும் வசதியால். நீண்டு ஒலிக்கும் மணியை மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி ஜூம் அழித்துவிடும். வழிநடத்துபவர் தன் போனில் ஒலியமைப்பில் ‘அசல் ஒலி’யை இயக்கவேண்டும். அதுவும் சரிவராவிட்டால் மரத்தில் இரண்டு தட்டு. குறுகிய ஓசை தப்பிவரும்.

முதுகெலும்பில் காயம். சக்கர நாற்காலியில் இருக்கிறேன். அசையாமல் இரு என்கிறார்களே?

அந்த அறிவுரை உங்களுக்கு இல்லை. உணர்வு இல்லாத பகுதியில் அழுத்தம் தொடர்ந்தால் புண் வரும். வந்த புண் மாதக்கணக்கில் படுக்கையில் போட்டுவிடும். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னே சாய்ந்தோ பக்கத்துக்குச் சரிந்தோ ஒன்றிரண்டு நிமிடம் எடையை மாற்றுங்கள். போனில் மெல்லிய அதிர்வு நினைவூட்டல் வையுங்கள். அதிர்வு வந்ததும் அசைவதைக் கவனத்தோடு செய்தால் அதுவே அந்த நேரத்துத் தியானம். வழிநடத்துபவரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள், அசைவதைப் பார்த்து அவர் குறைசொல்லாதிருக்க.

நெஞ்சின் மேற்பகுதி மட்டத்திலோ கழுத்திலோ காயமென்றால் இதையும் மனதில் வையுங்கள். திடீரெனத் தலை இடிப்பது, முகம் சிவப்பது, வியர்ப்பது தியான அனுபவம் அல்ல. சிறுநீர்க் குழாய் அடைபட்டோ உடை இறுகியோ இரத்த அழுத்தம் ஏறும் ஆபத்து அது. உடனே நிமிர்ந்து உட்கார்ந்து குழாயையும் உடையையும் சரிபாருங்கள். குறையாவிட்டால் 1990க்கு அழையுங்கள்.

செயற்கைக் கால் உள்ளவர்கள் சம்மணமிட்டால் அதன் விளிம்பு வெட்டும். கழற்றிவிட்டு உட்காரலாம். அல்லது இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர இருக்கும்படி கதிரையில் மடித்த சாரம் ஒன்றைப் போட்டு அமரலாம். உடலை உச்சியிலிருந்து பாதம்வரை கவனிக்கச் சொல்லும் பயிற்சியில், இல்லாத காலில் வலி கிளம்புவது பலருக்கு நடக்கும். அது பயிற்சியில் தோற்றதாகாது. கவனத்தைக் கைகளுக்கோ முகத்துக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். வலி தினமும் கூடினால் அந்தப் பயிற்சியை நிறுத்தி மூச்சோடு மட்டும் இருங்கள்.

படுத்த படுக்கை என்றால்? படுத்தே செய்யலாம். இருத்தல், நிற்றல், நடத்தல், படுத்தல் நான்கையும் சதிபட்டான சுத்த என்ற புத்தரின் உபதேசம் ஏற்கிறது.

கண்ணை மூடினால் 2009 வருகிறது.

அப்படியென்றால் கண்ணை மூடவேண்டாம். மூச்சு, இருள், அமைதி என்ற மூன்றும் சேர்ந்தால் போர்க்கால நினைவு மேலெழுவது வன்னியில் பலருக்கு நடக்கிறது. “தாங்கிக்கொள், கடந்துபோகும்” என்று பொதுவாகச் சொல்லும் ஆசிரியர் உங்களுக்கு ஏற்றவரல்ல.

கண்ணைத் திறந்து, எதிரே இருக்கும் பொருளொன்றில், ஒரு குடமோ வாழைமரமோ, பார்வையை வையுங்கள். இரு பாதமும் நிலத்தில் படட்டும். மூச்சுக்குப் பதிலாகப் பாதம் தொடும் இடத்தைக் கவனியுங்கள், அல்லது கோழி, சைக்கிள், காற்று என்று வெளியில் கேட்பதைக் கவனியுங்கள். ஐந்து நிமிடம் போதும். வாசலைப் பார்த்தபடி, முதுகுக்குப் பின்னே சுவர் இருக்க அமர்வது பலருக்கு உதவும். நெஞ்சு படபடத்தாலோ, இருக்கும் இடம் மறந்தாலோ எழுந்துவிடுங்கள். கையைத் தண்ணீரில் நனையுங்கள், யாரோடாவது பேசுங்கள். உட்கார்ந்து தியானிப்பதைவிட முற்றத்தில் பத்தடி முன்னும் பின்னும் நடப்பது இத்தகையோருக்குப் பெரும்பாலும் இலகு. நீண்ட மௌன முகாம்களுக்கு இப்போதைக்குப் போகவேண்டாம்.

தூக்கமின்மையும் கெட்ட கனவும் தொடர்ந்தால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் எந்த நேரமும் 1926க்கு அழைக்கலாம், தேசிய உளநல உதவி எண் அது. மருந்து எடுப்பதும் தியானம் செய்வதும் ஒன்றுக்கொன்று எதிரல்ல. தியானம் பிடித்துவிட்டது என்று மருந்தை நீங்களாக நிறுத்துவதுதான் ஆபத்து.

படுக்கையிலிருக்கும் அம்மாவைப் பார்ப்பது நான் ஒருத்திதான். இருபது நிமிடம்கூட ஒதுக்க முடிவதில்லை.

அம்மாவைத் திருப்பிப் படுக்கவைப்பது, துடைப்பது, கஞ்சி பருக்குவது என்று நாளில் ஆறேழு தடவை அவர் அருகே போகிறீர்கள் அல்லவா? போகும்போது வாசற்படியில் நின்று மூன்று முழு மூச்சு. அதுவே உங்கள் அமர்வு. கிழமைக்கு ஒருநாள் குழுவுக்கு வந்தால் போதும். ஒலியை மூடி, கமராவை மூடி, காதில் கேட்டபடி வேலை செய்யலாம் என்று குழுவிடம் அனுமதி பெற்றுவையுங்கள். இடையில் எழும்பிப்போவதற்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

போயா நாளில் வீட்டிலேயே ‘சில்’ (சீலம்) எடுக்கலாமா?

எடுக்கலாம். எட்டுச் சீலங்களையும் பிக்குவின் முன்னோ, நேரலையிலோ, தனியே வாய்விட்டுச் சொல்லியோ ஏற்கலாம். விடியல் முதல் மறுநாள் விடியல்வரை. கடினமானது மதியத்துக்குப் பின் உணவு கொள்ளாமை. காலையிலும் பதினொரு மணியளவிலும் வயிறாரச் சாப்பிடுங்கள். பின்னேரம் தண்ணீரும் வடிகட்டிய பழச்சாறும் ஏற்கலாம். இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள் இந்தச் சீலத்தை ஏற்கவேண்டாம். சீனி சடுதியாக இறங்கும். ஐந்து சீலத்தோடு நிறுத்துங்கள். வீட்டாருக்கு இரவுச் சமையல் செய்யவேண்டியவருக்கும் அதுவே நடைமுறைக்கு ஏற்றது. வெளிநாட்டுக் குழுவின் பௌர்ணமி நாள் இலங்கைப் போயாவோடு ஒருநாள் தள்ளிப்போவதுண்டு. விடுமுறை கிடைக்கும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

பௌத்தம் என்றாலே ஊரில் சந்தேகம். வீட்டில் என்ன சொல்வது?

அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை என்ற பெயர்களை வன்னியில் யாரும் மறக்கவில்லை. தொல்லியலின் பெயரால் வழிபாட்டிடம் பறிபோகும் என்ற பயத்தை, தியானம் செய்கிறோம் என்பதற்காக நாம் சிறுமைப்படுத்தக்கூடாது. அந்த நிலத்தகராறில் நீதி கேட்பவரும் மூச்சைக் கவனிப்பவரும் ஒரே ஆளாக இருக்கலாம்.

பௌத்தம் ஒரு மொழிக்காரரின் சொத்தாக ஒருபோதும் இருந்ததில்லை. மணிமேகலை தமிழில் எழுந்த பௌத்தக் காப்பியம். வீரசோழியம் என்ற இலக்கணத்தை எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். பாளியில் எழுதிய புத்ததத்தர் சோழநாட்டவர். நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு இராசராசன் ஊரே கொடையளித்தான். அயோத்திதாசர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். வீட்டில் பேச வேண்டியிருந்தால் இங்கிருந்து தொடங்குங்கள்.

மதம் மாறவேண்டும் என்று எந்த நல்ல குழுவும் கேட்காது. சைவராகவோ கத்தோலிக்கராகவோ இருந்தபடி தியானமும் ஐந்து சீலமும் பழகலாம். சரணம் எடுப்பது உங்கள் விருப்பம், அதனால் எந்த அரச பதிவும் மாறாது. பெயர் வெளிவரக்கூடாது என்றால் ஜூமில் வேறு பெயர் வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உங்கள் இலக்கம் எல்லோருக்கும் தெரியும் என்பதை மறக்கவேண்டாம்.

பிக்கு என்று சொல்லி ஒருவர் தனியாக அழைப்பு எடுக்கிறார். நம்பலாமா?

பிக்குகளின் ஒழுக்க விதிகளான விநயத்தைத் தெரிந்து வைத்திருந்தால் பாதுகாப்பு. தேரவாத விநயப்படி பிக்கு தன் கையால் பணம் வாங்கக்கூடாது. எனவே தன் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்பவர் விதியை மீறுகிறார். தான் அடைந்த உயர்நிலையை இல்லறத்தாரிடம் அறிவிப்பது, அது உண்மையாகவே இருந்தாலும், குற்றம். பொய்யென்றால் அவர் பிக்குநிலையையே இழக்கிறார். “நான் அரகத்” (முழு விடுதலை அடைந்தவர்) என்று சொல்லிக் குழு சேர்ப்பவரைவிட்டு விலகுங்கள். பெண்ணோடு மறைவான இடத்தில் தனித்திருப்பதையும் விநயம் தடுக்கிறது. இரவில் தனிக் காணொளி அழைப்பை அந்த வரிசையிலேயே வைத்துப் பாருங்கள். கேள்வி இருந்தால் குழுவில் கேளுங்கள், அல்லது இன்னொருவரையும் அழைப்பில் சேருங்கள். படம் கேட்டால், இரகசியம் காக்கச் சொன்னால் அங்கேயே துண்டியுங்கள். அழைப்பு விவரத்தை அழிக்காமல் வையுங்கள்.

நாங்களே குழு தொடங்க என்ன வேண்டும்?

நான்கு முதல் எட்டுப்பேர், கிழமையில் ஒரே நாள், ஒரே நேரம். ஜூமின் இலவசக் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும், அதற்குள் அடங்கப் பார்க்கவேண்டும். முதல் ஐந்து நிமிடம் வந்துசேரவும் திரிசரணத்துக்கும், இருபது நிமிடம் மௌனம், பத்து நிமிடம் தம்மபதத்தில் இரண்டு பாடல் வாசித்துப் பேச, மிச்சம் மைத்திரிக்கு (எல்லோருக்கும் நலம் நினைக்கும் தியானம்). வாட்ஸ்அப் குழு அழைப்பில் 32 பேர்வரை சேரலாம், நேர எல்லை இல்லை. குரல் மட்டும் என்றால் அதுவே இலகு.

வழிநடத்துவதை மாதாமாதம் மாற்றுங்கள். ஒருவரே நடத்தினால் அவர் நோயில் விழும்போது குழுவும் விழும். பகிர்வு நேரத்தில் யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லக்கூடாது என்பதை முதல்நாளே முடிவுசெய்யுங்கள். பெரும்பாலான சிறு குழுக்கள் உடைவது இதில்தான்: ஒருவர் தன் துயரைச் சொல்ல, மற்றவர் கர்மவினை என்று விளக்கம் சொல்ல, சொன்னவர் அடுத்த கிழமை வரமாட்டார். ஒருவர் இரண்டு கிழமை வராவிட்டால் யார் அழைப்பது என்பதையும் பெயர்சொல்லி ஒப்படையுங்கள்.

ஸ்மார்ட்போன் இல்லாத ஐயா ஒருவர் சேர விரும்புகிறார்.

சாதாரண பட்டன் போனிலும் பலவற்றில் இரண்டு அழைப்புகளை ஒன்றாக இணைக்கலாம். குழுவில் ஒருவர் தன் இரண்டாவது போனால் ஐயாவை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு, கூட்டம் ஓடும் போனுக்குப் பக்கத்தில் வைத்தாலும் நடக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு முழம் தூரம் விடுங்கள், கிட்ட வைத்தால் கீச்சென்று சத்தம் எழும். இருபது நிமிட மௌனத்துக்கு அழைப்பைத் திறந்துவைத்துக் காசைச் செலவழிக்க வேண்டியதில்லை. தொடங்கும்போது ஒரு அழைப்பு, முடியும்போது ஒரு அழைப்பு. நடுவில் அவர் தன் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து அமரட்டும்.